நாய் ஓடினால் நீ ஓடாதே

எங்கள் வீட்டுக்கு அந்த நாய் வந்ததிலிருந்து எனக்கு ஒரே ஒரு பயம்தான். யாரையாவது கடித்துவிடும் என்பதல்ல. அது கடிக்கிற நாயே இல்லை. என்றைக்காவது அது கையை விட்டு ஓடும், அதன் பின்னால் என் மகள் ஓடுவாள் என்ற பயம். மகளுக்குப் பதின்மூன்று வயது. எதையும் யோசித்துச் செய்கிற பெண் என்று பள்ளியில் சொல்வார்கள். அந்த நாய் விஷயத்தில் மட்டும் அவளுக்கு யோசனை பிறகுதான் வரும், கால் முதலில் கிளம்பிவிடும்.

அது சிப்பிப்பாறை நாய். தெற்குச் சீமையில் முயல் வேட்டைக்காக வளர்த்த இனம். கிரேஹவுண்டைப் படத்தில் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அதே நீண்ட கால், அதே ஒட்டிய வயிறு, ஈட்டி போன்ற முகம். மோப்பம் பிடித்து வேட்டையாடும் வகை அல்ல, கண்ணால் பார்த்துத் துரத்தும் வகை. எங்களுடையது கடற்கரை மணல் நிறம், பெண்.

என் கணவர் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கணக்கெழுதுகிறார். கடை முதலாளி தெற்கே இருந்து வந்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் புது வீட்டுக்குக் குடிபோனபோது ஊர்க்காரர் ஒருவர் பெருமையாகக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணாச்சி காலையில் கடைக்குப் போனால் இரவுதான் வருவார். நாய் பால்கனியில் சங்கிலியோடு வளர்ந்தது. ஒருநாள் அப்பாவுடன் அண்ணாச்சி வீட்டுக்குப் போன என் மகள் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. கடைசியில் நாங்கள் போய் அழைத்துவந்தோம்.

அண்ணாச்சி அதன் முதுகைத் தடவிக்கொண்டே என் கணவரிடம் சொன்னார்: “சும்மா தின்னுட்டுத் தூங்கும் சார், சத்தமே வராது. ஆனா ஓட ஆரம்பிச்சிட்டுன்னா கூப்பிட்டுட்டு நிக்காதீங்க. அப்ப அதுக்குக் கண்ணு மட்டுந்தான் இருக்கும். காது இருக்காது.”

நாங்கள் அதை ஏதோ ஊர்ப்பேச்சு என்று சிரித்துக்கொண்டு கேட்டோம்.

தூங்கும் என்று அவர் சொன்னது உண்மைதான். நாள் முழுக்க சோபாவில் நான்கு காலையும் நான்கு திசைக்கு நீட்டிக்கொண்டு கிடக்கும். உடம்பில் கொழுப்பே கிடையாதாகையால் மொசைக் தரையில் படுத்தால் முழங்கை தேய்ந்து காய்த்துப்போனது. பழைய மெத்தை ஒன்றைக் கிழித்துச் சின்னதாகத் தைத்துப் போட்டேன். ஏசி போட்டால் நடுங்கும். ஊட்டி போவதற்காக வாங்கி, போட்டுக்கொள்ளாமலே மகளுக்குச் சின்னதாகிப்போன ஸ்வெட்டரை அதற்கு மாட்டிவிட்டோம். மழை என்றால் வாசல்படி தாண்டாது. ஒரு துளி மேலே விழுந்தால் அவமானப்பட்டதுபோல் நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

அதன் மெலிவுதான் தெருவில் பெரிய பிரச்சினை. விலா எலும்புகள் தெரிகின்றன என்று நின்று கேட்காதவர்களே இல்லை. பக்கத்து அடுக்குமாடி வாட்ச்மேன் ஒருநாள் நேராகவே கேட்டார்: “இன்னா மேடம், அதுக்கு சோறு கீறு போடறியா இல்லியா? எலும்ப எண்ணிடலாம் போலக்கீது.” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகளுக்குத் தெரியாமல் மதியம் ஒரு வேளை தயிர்சாதம் கூடுதலாக வைக்க ஆரம்பித்தேன்.

முதல் சம்பவம் லஸ் பக்கத்துப் பூங்காவின் வெளியே நடந்தது. சாயங்கால நேரம். கழுத்துப்பட்டையும் கயிறும் மகள் கையில். நிறுத்தியிருந்த ஒரு காருக்கடியிலிருந்து பூனை ஒன்று வெளியே வந்து சாலையைக் கடந்தது. நான் பூனையைப் பார்ப்பதற்குள் நாய் எதிர்ப் பிளாட்பாரத்தில் இருந்தது. மகள் கையில் கயிறு இருந்தது, கயிற்றின் முனையில் மூடிய பட்டையும் இருந்தது, நடுவில் கழுத்துதான் இல்லை. இந்த இனத்துக்குத் தலை கழுத்தைவிடச் சின்னது என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. பின்னால் இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்தால் சாதாரணப் பட்டை காதைத் தாண்டிக் கழன்றுவிடும்.

கழன்றதை நான் புரிந்துகொள்வதற்குள் மகளும் சாலைக்குள் இருந்தாள். இடம் வலம் பார்க்கவில்லை. ஓர் ஆட்டோ அவளுக்கு ஒரு கை தூரத்தில் குறுக்காகத் திரும்பி நின்றது. ஆட்டோக்காரர் இறங்கி அவளைத் திட்டவில்லை. நான் ஓடி வரும்வரை காத்திருந்து என்னிடம் சொன்னார்: “யம்மா, நாய்க்குப் பட்ட போட்டுக்கீறே, சரி. மொதல்ல புள்ளைக்கு ஒண்ணு வாங்கிப் போடு.”

நாய் மூடியிருந்த ஒரு கடையின் ஷட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தது. பூனை தொலைந்துபோனதும் அதற்கு மறுபடி காது வந்துவிட்டது போலிருக்கிறது. நாங்கள் எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறோம் என்று ஆச்சரியமாகப் பார்த்தது.

மறுநாள் அடையாற்றில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். இளம் பெண். நாயின் விலாவில் கையை வைத்துப் பார்த்தவர், வீட்டில் யார் கூடுதலாகச் சாப்பாடு வைக்கிறார்கள் என்று கேட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடைசி விலா எலும்புகள் தெரிய வேண்டும், தெரியாமல் போனால்தான் மூட்டுக்குக் கேடு என்று மருத்துவர் விளக்கினார். “உங்களுக்கு மனசு கேக்கலைன்னா அந்தத் தயிர்சாதத்தை நீங்களே சாப்பிட்டுடுங்கம்மா” என்றார். பிறகு அகலமான பட்டை ஒன்றைக் காட்டினார். இழுத்தால் கொஞ்சம் இறுகி, விட்டால் தளரும், தலை வழியாகக் கழலாது. தோல் காகிதம் மாதிரி மெல்லியது, ஒரு முள் பட்டாலும் கிழியும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் எந்த மருத்துவரிடமும் இது வேட்டை இனம் என்று முதலில் சொல்லச் சொன்னார். மற்ற நாய்களுக்குக் கொடுக்கிற மருந்து சிலது இவற்றின் உடம்பைவிட்டு லேசில் இறங்காதாம்.

நான் அதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். கேட்க நினைத்ததை மட்டும் கேட்கவில்லை. பட்டை நாய்க்கு. என் மகளை எது பிடித்து நிறுத்தும்?

அதன்பின் தெருவில் கயிறு என் கையில் மட்டும்தான். ஆனால் ஓடவே விடாமல் இந்த நாயை வைத்திருக்க முடியாது. நாளில் சில நிமிடமாவது முழு வேகத்தில் ஓடினால்தான் மீதி நேரம் அமைதியாகக் கிடக்கும். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகலாம் என்றார் கணவர். திறந்த மணல், திறந்த கடல், வேண்டவே வேண்டாம் என்றேன். தெருநாய்கள் வேறு. யோசித்து யோசித்து மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்தோம். எங்களுடையது மயிலாப்பூரில் மூன்று மாடிப் பழைய கட்டடம். மாடியைச் சுற்றி என் நெஞ்சு உயரத்துக்குச் சுவர். ஒரே கதவு, அதற்குத் தாழ்ப்பாள். காலையில் கொஞ்ச நேரம் விடலாம் என்று குடியிருப்போர் சங்கமும் ஒப்புக்கொண்டது.

அது ஓடுவதை அங்கேதான் நான் முதன்முதலாக முழுதாகப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, டிஷ் ஆண்டெனாவைச் சுற்றி, நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பி, முதுகு வில்லாக வளைந்து நிமிர்ந்து. மகள் கைதட்டிச் சிரிப்பாள். நான் கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துக்கொள்வேன். அதன் முகத்தில் அந்த நேரத்தில் எங்களில் ஒருவர்கூட இல்லை.

மேல் மாடியில் ஒரு மாமா, மாமி. மாமிக்கு எழுபதை நெருங்கும் வயது, முழங்கால் வலி. பூஜைக்கும் சமையலுக்கும் உடுத்துகிற மடிப் புடவையை மொட்டை மாடியில் உயரக் கொடியில் கோலால் தள்ளி உலர்த்துவார். அதை வேறு யாரும் தொடக்கூடாது. நாயை மாடியில் விட ஆரம்பித்த ஒரு வாரத்திலேயே மாமி எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று சொன்னார்: “உங்காத்து நாய் என் புடவையைப் பார்த்தாப் பாயறது. தொங்கிண்டிருந்தா ஒண்ணும் பண்றதில்லை. காத்துல தலைப்பு ஆடினாப் போறும், முயல்னு நினைச்சுக்கறது. தொட்டுடுத்துன்னா நான் மறுபடி நனைச்சுன்னா போடணும்?” நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எங்கள் நேரம் முடிந்த பிறகு அவர் புடவை உலர்த்துவது என்று ஏற்பாடாயிற்று. அதற்குப் பிறகு மாடிப்படியில் எதிர்ப்பட்டால் மாமி முந்தானையை ஒடுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பார்.

கார்த்திகை மாதம் விடாமல் மழை பிடித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வேளச்சேரித் தோழி ஒருத்தி, வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னாள். எங்கள் நாய் வெளியே போக மறுத்து எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு, வாசலுக்கும் சோபாவுக்கும் அலைந்தது. ஒருநாள் குடை பிடித்துக் கீழே இழுத்துப் போனதில் அகலப் பட்டை ஊறிப்போய், உலரட்டும் என்று ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போட்டிருந்தேன்.

அமாவாசையன்று மதியம் மழை நின்று சட்டென்று வெயில் வந்தது. நான் குக்கர் பக்கத்தில் இருந்தேன். “அம்மா, இவளைக் கொஞ்சம் மேல கூட்டிட்டுப் போறேன்” என்று மகள் குரல் கேட்டது. சரி என்றேன். குக்கரை அணைத்த பிறகுதான் கை துடைக்கப் போன இடத்தில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் அகலப் பட்டை கண்ணில் பட்டது. அப்படியானால் பழைய பட்டையை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மாடியில்தானே, சுவர் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கால் படியேற ஆரம்பித்துவிட்டது.

எங்கள் நேரம் காலை. மதியத்தில் அந்த மாடியில் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அமாவாசையானால் மாமா தர்ப்பணம் முடித்ததும் மாமி இலையில் சாதமும் வடையும் கொண்டுவந்து சுவர்மேல் காக்கைக்கு வைப்பார். மழையில் பட்டினி கிடந்த காக்கைகள் அன்று எங்கிருந்தோ கூட்டமாக வந்திருந்தன.

மாடிக் கதவைத் தாண்டியதும் நான் பார்த்தது இதுதான். நாய் சுவர்மேல் நின்றுகொண்டிருந்தது. என் நெஞ்சு உயரச் சுவர், ஒரு செங்கல் நீளத்துக்கு அகலம், மழையில் பாசி பிடித்தது. இலை கீழே விழுந்து சாதம் இறைந்திருந்தது. ஒரு காக்கை வடையைக் கவ்விக்கொண்டு பக்கத்துக் கட்டடத்தின் சுவரில் போய் உட்கார்ந்திருந்தது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஓர் ஆட்டோ நுழையும் அகலத்துக்குச் சந்து. மூன்று மாடிக்குக் கீழே சிமெண்டுத் தரையும் மோட்டார் ஷெட்டும். நாயின் நான்கு பாதங்களும் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. அது அந்த இடைவெளியை அளந்துகொண்டிருந்தது.

என் மகள் சுவரோரமிருந்த தண்ணீர்க் குழாய் மேடைமேல் ஏறி, ஒரு முழங்காலைச் சுவர்மேல் வைத்துவிட்டாள். கையிலிருந்த கயிற்றில் காலியான பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையை நாயின் பின்னங்காலை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

நான் கத்தவில்லை. கத்தத் தெரியவில்லை. கத்தினால் அவள் திரும்புவாள், திரும்பினால் முழங்கால் வழுக்கும். கத்தினால் நாய் பாயும், பாய்ந்தால் அவள் அதைப் பிடிப்பாள், பிடித்தால் விடமாட்டாள். என் உடம்பு முழுக்க அவளை நோக்கிப் போகிறது, ஆனால் ஓரடிகூட நகரவில்லை.

“பாப்பா, இறங்கு” என்றேன். எனக்கே கேட்காத குரல்.

“பேசாதேம்மா” என்றாள் திரும்பாமல். “பிடிச்சிடுவேன்.”

அப்போதுதான் மாமியும் அங்கே இருப்பதை உணர்ந்தேன். கொடிக் கம்பத்துக்கு அருகில், கையில் சாதப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். வெயிலைப் பார்த்ததும் உலர்த்திய மடிப் புடவை அவர் தலைக்குமேல் தொங்கியது. மாமி பாத்திரத்தைக் கீழே போட்டார். கோலைத் தேடவில்லை, எம்பி இரண்டு கையாலும் புடவையைப் பிடித்து இழுத்தார். கொடி வளைந்து வந்தது. ஒன்பது கெஜமும் தரையில் விழுந்ததும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். படியேறும்போது ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்குகிற மாமி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் அந்தப் புடவையைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார்.

நாயின் காது ஒன்று திரும்பியது. பிறகு தலை. ஈரத் தரையில் நெளிந்து ஓடுகிற அந்த அரக்குநிறத் துணி அதன் கண்ணில் பட்டதை நான் பார்த்தேன். அடுத்த கணம் அது சுவரில் இல்லை. எந்தப் பக்கம் போயிற்று என்று எனக்கு ஒரு விநாடி தெரியவில்லை. அந்த ஒரு விநாடி எனக்கு இன்னும் முடியவில்லை.

அது உள்பக்கம்தான் குதித்திருந்தது. மகளின் தோளை உரசிக்கொண்டு தாண்டி, மாடியின் பாதியிலேயே புடவையைக் கவ்வி, தலையை உதறிக் கிழித்துக்கொண்டிருந்தது. நான் போய் மகளின் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தேன். இருவரும் குழாய் மேடையிலிருந்து தரையில் சரிந்தோம். அவள் திமிறினாள், நாயிடம் போக வேண்டும் என்று. நான் விடவில்லை. என் ஐந்து விரலும் அவள் மேற்கையில் பதிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

மாமி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது. “நாயைக் கட்டுங்கோ முதல்ல” என்றார். “குழந்தையைத் திட்டறதெல்லாம் ஆத்துக்குப் போய் வச்சுக்கலாம்.”

சுவரின் பெயர்ந்த விளிம்பு கீறி நாயின் தொடைத் தோல் கடித உறைபோல் திறந்துகொண்டிருந்தது. அது அதைக் கவனிக்கவே இல்லை. புடவையைக் கொன்றுவிட்ட திருப்தியோடு வாலை ஆட்டியது. மாமியைக் கைத்தாங்கலாக எழுப்பினேன். எங்கள் எல்லோரையும் தொட்டாகிவிட்டது, இனி மறுபடி குளிக்க வேண்டும், மாமா பசியோடு காத்திருப்பார் என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். காக்கைக்கு வைத்த சாதம் போய்விட்டதே மாமி என்று நான் உளறினேன். “ஒண்ணு வடையை எடுத்துண்டு போச்சே, பார்த்தேளே. அது போறும்” என்றார். படியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

மருத்துவர் மரத்துப்போகிற ஊசி மட்டும் போட்டுத் தைத்தார். முழு மயக்கம் வேண்டாம், பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் போதும் என்றார். மகள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நடந்ததைச் சொன்னபோது மருத்துவர் தையலை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். இந்த நாய்களைத் துரத்தவே கூடாது, துரத்தினால் இன்னும் ஓடும் என்றார். திரும்பி எதிர்ப்பக்கம் ஓடலாம், இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம். அது துரத்திய இரை கண்ணை விட்டுப் போனதும் நாய் தானாகவே நம்மைத் தேடிக்கொண்டு வரும் என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் மகளிடம் கேட்டேன், கால் வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா என்று. அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“அப்ப எனக்குச் சுவரே தெரியலைம்மா. அவ மட்டும்தான் தெரிஞ்சா.”

நான் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் என் கணவர் அண்ணாச்சியிடம் பேசினார். ஊரில் அவருடைய அண்ணனுக்குத் தோட்டம் இருக்கிறது, அங்கே அனுப்பிவிடலாம், தாராளமாக ஓடும் என்றாராம். மகள் அழவில்லை. அங்கே அவளுக்கு நல்லாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரை மடித்து வைத்தாள். வேண்டாம் என்றவள் நான்தான். வீட்டிலேயே அதிகம் பயந்தவள் நான். கணவருக்கு நான் சொன்னது புரியவில்லை. நாயை அனுப்பினால் நாய் போகும். ஓடுகிற கால் இவளோடுதானே இருக்கும்? நாளைக்கு ஒரு பஸ்ஸின் பின்னால், கடலில் ஒரு தோழியின் பின்னால், எனக்குப் பெயர் தெரியாத எதன் பின்னாலோ ஓடும். இந்த நாயாவது என் கண்முன்னால் இருக்கிறது.

மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. இப்போது காலையில் கார்கள் கிளம்பிய பிறகு கீழே பார்க்கிங்கில் கேட்டைச் சாத்திவிட்டுப் பயிற்சி செய்கிறோம். பயிற்சி நாய்க்கல்ல. நான் ஒரு பழைய துண்டைக் கயிற்றில் கட்டித் தூணுக்குத் தூண் இழுப்பேன். மகள் கையிலிருந்து நாயை விட வேண்டும். விட்டதும் தரையில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். முதல் சில நாட்கள் அவளால் முடியவே இல்லை. நாய் கிளம்பியதும் இவளும் கிளம்பிவிடுவாள், பாதி தூரம் ஓடிய பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். நாய்க்கும் தன்னைத் துரத்த ஆள் கிடைத்த உற்சாகத்தில் வேகம் கூடும். இப்போது உட்காருகிறாள். நாய் துண்டை உதறிப் போட்டுவிட்டு, சுற்றிலும் பார்த்து, நடந்து வந்து அவள் தோளில் தாடையை வைக்கிறது. மேலேயிருந்து எட்டிப் பார்க்கிற மாமி, “இன்னிக்குக் குழந்தை தேறிட்டாளா?” என்று கேட்பார்.

நேற்றும் பாஸ்தான். விட்டாள், உட்கார்ந்தாள், சம்மணம் போட்டுக் கையையும் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து யாரோ கேட்டைத் திறந்து ஸ்கூட்டரை உள்ளே தள்ளினார்கள். நாய் இன்னும் துண்டோடுதான் இருந்தது, கேட்டைப் பார்க்கவில்லை. நான் மகளைப் பார்த்தேன். அவள் கண் கேட்டின் இடைவெளியில் இருந்தது. கட்டிய கை அவிழ்ந்திருந்தது. சம்மணத்தில் மடங்கியிருந்த வலது கால், அவளுக்கே தெரியாமல், விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்கியிருந்தது. நான் துண்டைப் போட்டுவிட்டுக் கேட்டைச் சாத்தப் போனேன். ஓடாமல், நடந்துதான் போனேன்.